உருவிய கம்பி

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மூத்த மகன் பெரியவன். இளைய மகன் சின்னவன். சின்னவனின் மனைவி. வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கிய என் தங்கை. ஆறாவது ஆள், முப்பது வருஷமாக எங்களிடம் மோட்டார்களை மின்காப்பு வார்னிஷில் முக்கி எடுப்பவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை எல்லோரும் மறந்தாயிற்று. அவர் வார்னிஷ்தான்.

வேறு யாரும் இல்லை. எதிர்க்கடைக்காரர் எல்லாவற்றையும் எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த ஜன்னலில் ஐந்து வருஷமாகக் கண்ணாடிக்குப் பதில் தகரம் அடித்திருக்கிறது.

இணையத்தில் நான் எழுதிவரும் இந்தக் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறவர்களுக்குச் சின்னவனின் நோயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. எங்களுக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். செம்புக் கம்பிக்கு மேலே எனாமல் உறை இருப்பதைப் போல, நரம்புக்கு மேலேயும் ஓர் உறை உண்டு. சின்னவனுக்கு ஆறு வருஷமாக அந்த உறை அங்கங்கே உரிந்துகொண்டு வருகிறது. மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதில்லை. பாதி வழியில் சிதறிவிடுகிறது. முதலில் வலது கால் போனது. பிறகு வலது கண் மங்கியது. இப்போது இடுப்பில் மூத்திரப் பையுடன் நடக்கிறான். வயது முப்பத்து நாலு.

ஐந்து வாரத்துக்கு முன் அவன் கெண்டைக்காலிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நரம்பை எடுத்தார்கள். அதிலிருந்து உறை செய்கிற செல்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் ஊட்டி வளர்த்து, லட்சக்கணக்கில் பெருக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவற்றை அவன் முதுகுத் தண்டில் ஏற்றுவதாக ஏற்பாடு. உரிந்த இடத்தில் அவை போய் உட்கார்ந்து, நரம்பைச் சுற்றிப் புது உறை போட வேண்டும். போடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. சோதனைச் சிகிச்சைதான். முன்னூறு பேர் கேட்டதில் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். சின்னவன் ஒன்பதாவது ஆள்.

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குள் அவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாக வேண்டும்.

சேர்வதற்கு முன்னால் தன் வேலை மேசையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொன்னான். அதனால்தான் எல்லோரும் பட்டறைக்கு வந்தோம்.

என் தங்கை முக்காலியில் உட்கார்ந்து வார்னிஷை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா வார்னிஷ், இன்னும் அதே நாத்தம்?"

"நாத்தம் இல்லம்மா, அனுபவம். வீட்ல என்னை வாசல்லயே உக்கார வச்சுத்தான் சோறு போடுறா."

"உள்ள விட்டா பாத்திரமெல்லாம் கையில ஒட்டிக்கும்னு பயந்திருப்பா."

சிரித்துக்கொண்டே திரும்பியவள், கதவருகே சின்னவனைப் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கி, மனைவியின் கையை உதறிவிட்டு, ஊன்றுகோலோடு தானே நடந்து வந்துகொண்டிருந்தான். இடது கை கோலில். வலது கை சுவரைத் தேய்த்தபடி. வலது பாதம் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பைத் தூக்கிப் போட்டான்.

தங்கையின் சிரிப்பு நின்றது.

"அண்ணா," என்றாள். "இது சின்னண்ணன் நடை."

"வாயை மூடிட்டு உக்காரு," என்றேன்.

"அச்சு அசல் அதே நடை. சுவத்துல கையத் தேச்சுக்கிட்டே வர்றது, இடுப்பத் தூக்கிப் போடுறது. ஆறு வருஷமா நான் ஃபோன்ல கேட்டதோட சரி. நேர்ல இப்பத்தான பாக்குறேன்."

பெரியவன் கையிலிருந்த மரச்சுத்தியலைக் கீழே வைத்தான். "எந்தச் சின்னண்ணன்? குடிச்சே செத்துப்போனாரே, அந்தச் சித்தப்பாவா?"

"குடிச்சாரா? உனக்கு யாரு சொன்னது?"

"தெருவே சொல்லும். அப்பாவே சொல்லியிருக்கார்."

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "அம்மா போனப்புறம் அவருக்குத் தட்டு வச்சவ நான். தினமும் பக்கத்துல நின்னவ. ஒரு நாள் கூட வாடை வந்ததில்ல. 'கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது'ம்பார். ஒரு கண்ணுல பனி மூடின மாதிரி இருக்குன்னு சொல்வார். எந்தக் கண்ணுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பனின்னு சொன்னது ஞாபகம் இருக்கு."

சோதனை மேசையில் ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். காகிதம் எதையும் படிக்காமல் விடுகிறவள் இல்லை. பையிலிருந்து சின்னவனின் கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

"மாமா, பதினோராம் பக்கம். ரத்த சம்பந்தமுள்ள யாருக்காவது நடைத் தடுமாற்றமோ, பார்வைக் குறைவோ, சின்ன வயசுலயே படுக்கையில விழுந்ததோ உண்டான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"இது உங்க கையெழுத்து."

"என் கையெழுத்துதான்."

"டாக்டரம்மா இதை மூணு தடவை கேட்டாங்க. ஏன் கேக்குறாங்கன்னும் சொன்னாங்க."

சொல்லியிருந்தார். எனக்கு மறக்கவில்லை. உடம்பின் காவல் படையே தவறாகப் போய் உறையைத் தின்றிருந்தால், அவன் காலில் எடுத்த செல்கள் நல்ல செல்கள், அவற்றை ஏற்றலாம். குடும்ப ரத்தத்தில் ஓடும் குறையாக இருந்தால் கதை வேறு. அவன் உடம்பில் எங்கே எடுத்தாலும் அதே குறை இருக்கும். லட்சமாகப் பெருக்கினாலும் லட்சமும் குறையோடுதான் பெருகும். அப்படிப்பட்ட செல்லை முதுகில் ஏற்றுவது வீண், ஆபத்தும் கூட.

பெரியவன் மெதுவாகச் சொன்னான். "அப்ப எரிஞ்ச மோட்டார்ல இருந்து உருவின கம்பிய, அதே மோட்டார்லயே திருப்பிச் சுத்தப் போறோம்."

எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. எரிந்த மோட்டாரிலிருந்து கம்பியை உருவி, நீட்டி, மேலே வார்னிஷைப் பூசி மறுபடி சுற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. பார்க்கப் புதுசு போலவே இருக்கும். ஒரு மாதம் ஓடும். பிறகு மோட்டார் உடம்போடு சேர்ந்து எரியும். எங்கள் பட்டறையில் அந்த வேலை நடந்ததில்லை. ஒருவன் செய்தான். அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினேன்.

பெரியவன் ஃபோனை எடுத்தான். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்."

"ஃபோனைக் கீழ வை," என்றான் சின்னவன்.

"கொஞ்சம் கேளுடா. ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணுவாங்க. நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான்."

"தள்ளிப் போனா என் இடம் போயிடும். பத்தாவது ஆளு காத்துக்கிட்டு நிக்கிறான். உனக்கென்ன, நாள் தள்ளிப் போகும்னு சொல்லுவ. என் மூத்திரப் பையை ஒரு நாள் நீ இடுப்புல கட்டிக்கிட்டு நடந்து பாரு."

"ஏத்துறதே வீண்னா எதுக்குடா?"

"வீணா இல்லையான்னு என் முதுகு சொல்லட்டும். கீழ வைன்னேன்."

பெரியவன் எண்ணை அழுத்தினான்.

ஊன்றுகோல் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஃபோன் பறந்து வார்னிஷ் தொட்டியில் விழுந்தது. பெரியவன் அதை எடுக்கக் குனிந்தான். இரண்டாவது அடி பிடரியில் விழுந்தது. மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தான். கோலோடு சின்னவனும் வந்தான். தொட்டி சாய்ந்தது. இருவரும் தரையில் விழுந்தார்கள்.

அவனுடைய நோயில் ஒரு கொடுமை உண்டு. கோபமோ அதிர்ச்சியோ வந்தால் கால்கள் இரண்டும் இரும்புக் கம்பியாக விறைத்துப் பின்னிக்கொள்ளும். அவன் நினைத்தாலும் பிரிக்க முடியாது. அந்தக் கால்கள் பெரியவனின் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொண்டன. கைகள் மட்டும் அவன் சொன்னதைக் கேட்டன. அண்ணனின் காலரைப் பிடித்துத் தலையைச் சிமெண்டில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"விடுங்க. அவர் தலை. விடுங்க," என்று மருமகள் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கை பின்னால் போய் அவள் வாயில் இடித்தது. உதடு கிழிந்தது. அப்போதும் அவள் விடவில்லை.

"வார்னிஷ் ஓடுது, மின்சாரம் இருக்கு," என்று கத்திக்கொண்டே வார்னிஷ் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் முனகி நின்றது. வெளிச்சமும் போனது. சாத்திய கதவின் இடுக்கிலும் தகர ஜன்னலின் ஓட்டைகளிலும் வந்த வெளிச்சம்தான் மிச்சம்.

அதுவரை பெரியவன் திருப்பி அடிக்கவில்லை. இப்போது அடித்தான். தம்பியின் விலாவில் முஷ்டியால் குத்தினான். சின்னவன் அவன் காதைக் கடித்தான். இரண்டு பேரும் வார்னிஷில் புரண்டு, எது யார் கை என்று தெரியாமல் கிடந்தார்கள்.

நான் சுவர் ஆணியிலிருந்து கடைசல் இயந்திரத்தின் பட்டை பெல்ட்டை எடுத்தேன்.

பெரியவனைத்தான் அடித்தேன். அவன் ஒரு கை தரையில் கிடந்த மருமகளின் பைக்கு நீண்டிருந்தது. அதற்குள் இன்னொரு ஃபோன் இருந்தது. அவனை அடக்கிவிட்டால் பேச்சு பட்டறைக்குள்ளேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். முதுகில் ஓர் அடி. தோளில் ஓர் அடி. மூன்றாவது அடி தவறியது. பெல்ட்டின் இரண்டு முனையையும் இணைக்கிற இரும்புக் கொக்கி சின்னவனின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் அவனுடைய நல்ல கண்ணில் இறங்கியது.

நாலாவது அடிக்கு ஓங்கியபோது கை வரவில்லை. என் தங்கை பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடி," என்றாள். "என்னையும் சேத்து அடி. அன்னிக்குத் தெருவுல வச்சு அவரை அடிச்சப்ப நான் குறுக்க வரல. பதினாறு வயசு. பயந்துட்டேன்."

"அது வேற விஷயம்."

"என்ன வேற? பெல்ட்டு வேற. கை அதே கைதான்."

பெரியவன் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தான். "சித்தப்பாவ அடிச்சீங்களா?"

அடித்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன். நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மாலை ஆறு மணிக்கு, பட்டறை வாசலில் வாடிக்கைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தபோது, என் தம்பி மேலத் தெருவிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தான். மூன்று தடவை விழுந்தான். மூன்றாவது தடவை ஒருவர் சிரித்தார். நான் வெளியே போய் அவனைப் பெல்ட்டால் அடித்தேன். அவன் சாக்கடை ஓரம் விழுந்த பிறகும் அடித்தேன். முன்பல் இரண்டு போயிற்று. குடிகாரனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் அவன் ஒரு பையோடு போய்விட்டான். மூன்று வருஷம் கழித்து ஓர் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு காலும் விழுந்து, கண் தெரியாமல், படுக்கையிலேயே இறந்ததாக எழுதியிருந்தார்கள். அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு. ஈரல் கெட்டுச் செத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சின்னவன் முதல் தடவை விழுந்த அன்றே, இது என் தம்பிக்கு வந்த அதே நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் பதினோராம் பக்கத்தில் அப்படி எழுதினேன் என்று சொன்னால் அது பொய்.

"ஏம்ப்பா அப்படி எழுதினீங்க?" என்றான் பெரியவன். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உன் பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. குடும்பத்துல ஓடுற நோய்னு ஒரு காகிதத்துல ஏறிட்டா, அவளை எவன் கட்டுவான்?"

"அவளுக்கும் வரலாம்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

என் கையிலிருந்த பெல்ட் முனையை விட்டேன்.

சின்னவனின் கால்கள் மெல்லத் தளர்ந்து பிரிந்தன. அவனாகவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமும் வார்னிஷும். மூச்சு வாங்கியது.

"நாலு மணிக்கு நான் சேரணும்," என்றான். "இங்க பேசினது இங்கயே இருக்கணும். எவன் வாயத் திறந்தாலும் அவன் எனக்குச் செத்தான். அவ்வளவுதான்."

பெரியவன் எழுந்து நின்றான். மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது. "நான் பேசல. எழுதினது அப்பா. பேசறதா இருந்தா அவரே பேசட்டும்."

வார்னிஷ், சாய்ந்து கிடந்த தொட்டியிலிருந்து ஃபோனைக் குறடால் எடுத்து உயர்த்திக் காட்டினார். "இன்சுலேஷன் நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்னிஷிடம் பட்டறையைக் கழுவச் சொல்லிவிட்டு மற்ற ஐந்து பேரும் வேனில் ஏறினோம். வழியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மருமகள் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் சின்னவனின் விரல்களிலிருந்து வார்னிஷைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நெற்றிக்கு அவளே கட்டுப் போட்டிருந்தாள். அவள் உதட்டுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

நரம்பு டாக்டரம்மா குள்ளமானவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சின்னவனின் நெற்றிக் கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சு?"

"விழுந்துட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா மருமகளின் உதட்டைப் பார்த்தார். பெரியவனின் மணிக்கட்டைப் பார்த்தார். காதையும் பார்த்தார். "குடும்பத்தோட விழுந்திருக்கீங்க போல."

"மாடிப்படி டாக்டர்," என்றான் சின்னவன். "வழுக்கிடுச்சு. நான் விழுந்தேன், இவங்க பிடிக்க வந்தாங்க."

"காய்ச்சல் இல்ல. நாலு தையல் போட்டா போதும். தலை படம் ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு, சரியா இருந்தா காலைல செய்யலாம்." கோப்பைத் திறந்தார். "ஏத்துறதுக்கு முதல் நாள் எல்லாத்தையும் இன்னொரு தடவை கேக்கறது எங்க வழக்கம். குடும்பத்துல வேற யாருக்காவது நடைல தடுமாற்றம்?"

சின்னவன் என்னைப் பார்த்தான். தையல் போடாத நெற்றியிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் என்னையே பார்த்தான். பட்டறையில் அடித்தவன் நான். அதை மறைத்தவன் அவன்.

என் தம்பி பையோடு போன அன்று காலை, தெரு முனையில் ஒருவர் அவன் வாயைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாராம். விழுந்துட்டேன் என்றானாம். அடித்தது கூட அவனுக்கு ஞாபகம் இல்லை பாருங்க, அவ்வளவு போதை என்று அந்த ஆள் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் எழுந்து நின்றேன்.

"டாக்டரம்மா, பதினோராம் பக்கத்துல நான் எழுதினது பொய்."

சின்னவனின் கை என் கன்னத்தில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி தெறித்துத் தரையில் உடைந்தது. இரண்டாவது, முஷ்டியால், வாயில். என் அப்பா போன பிறகு என் மீது யாரும் கை நீட்டியதில்லை. மூன்றாவதற்கு அவன் ஓங்கியபோது நிலை தவறிக் கட்டிலிலிருந்து சரிந்தான். பெரியவன் வீங்காத கையால் அவன் இடுப்பைப் பிடித்துத் தாங்கினான். அந்த நிலையிலும் சின்னவன் என்னை உதைக்கப் பார்த்தான். கால் அசையவில்லை.

"ஆளைக் கூப்பிட வேண்டாம்," என்று கதவுக்கு ஓடிய நர்ஸிடம் சொன்னார் டாக்டரம்மா. "பெரியவர் சொல்லட்டும்."

வாயில் ரத்தத்தோடு சொன்னேன். தம்பியின் வயது, எந்த வயதில் கால் இழுத்தது, கண் மங்கியது, இல்லத்திலிருந்து வந்த கடிதம், அடித்தது. அடித்ததை அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "நாளைக்கு ஏத்த முடியாது."

சின்னவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

"செல்லை உறைய வச்சுடறோம். அதுல ஒரு பங்கு செத்துப் போகும். போகட்டும். உங்க மூணு பேர் ரத்தமும் வேணும், அப்பா, ரெண்டு பிள்ளைங்க. பதினெட்டு நாள்ல முடிவு வரும். குறை இல்லைன்னா உங்களுக்கு அடுத்த வரிசைல இடம் கேக்கறேன். உறுதி சொல்ல மாட்டேன். குறை இருந்தா, வளர்த்த செல் எல்லாத்தையும் கொட்டணும். வேற ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து வளர்க்கறதைப் பத்தித்தான் யோசிக்கணும்."

பெரியவன் குனிந்து பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். "என் கால்ல எடுங்க டாக்டர். இப்பவே எடுங்க."

"முதல்ல கையை நீட்டுங்க. அதே குறை உங்ககிட்டயும் இருக்கலாம்."

சுருட்டிய துணி அவன் கையில் நின்றது. "அப்படி இருந்தா," என்றான். "என் பொண்ணுக்கு?"

"உங்க முடிவு வரட்டும். அதுக்கப்புறம் அவங்ககிட்ட நீங்களே பேசுங்க. அவங்க வயசுக்கு, பாக்கணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும்."

நர்ஸ் மூன்று குழாய்களில் ரத்தம் எடுத்தாள். என்னுடையது கடைசி. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றபோது, சின்னவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். நெற்றியில் தையல் போட்டாயிற்று.

"பத்தாவது ஆளுக்கு ஃபோன் போட்டாச்சா?" என்று சுவரிடம் கேட்டான்.

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"போட்டாச்சு," என்றாள்.

"அவருக்கு எந்த ஊரு?"

"தெரியாதுங்க. குழந்தைங்க சத்தம் கேட்டுச்சு."

சின்னவன் போர்வையை இழுத்துக்கொண்டான். "இவரை வெளிய போகச் சொல்லுங்க," என்றான். என்னை அப்பா என்று சொல்லவில்லை.

என் தங்கை என்னுடன் வெளியே வந்தாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்குப் படி சரியாகத் தெரியவில்லை. கீழே வந்ததும் விட்டுவிட்டாள்.

மாலை ஆறு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பினேன். தரை கழுவியாயிற்று, கறை போகவில்லை. பம்பு மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய வாடிக்கைக்காரர் காத்திருந்தார். என் வாயைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. காலைல சின்னவன் தண்ணியப் போட்டுட்டு வந்து கலாட்டா பண்ணானாமே? கொஞ்ச நாளாவே நடையப் பாத்தா தெரியுதுன்னு பேசிக்கிறாங்க. உங்க தம்பி வழின்னு சொல்றாங்க."

வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சின்னவன் குடிப்பதில்லை. என் தம்பியும் குடித்ததில்லை. அவன் குடிகாரன் என்று முதலில் சொன்னவன் நான்.